கிளட்ச் பிளேட் வாங்குவதற்கு முன்: பைக் கிளட்ச் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

"வண்டி இழுக்கல" என்று மெக்கானிக்கிடம் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கிளட்ச் பிளேட் போயிருச்சு, மாத்தணும்." சில நேரம் அது உண்மை. பல நேரம், கிளட்ச் ஒயரை இரண்டு சுற்று தளர்த்தினாலோ, தப்பான ஆயிலை வடித்துவிட்டுச் சரியானதை ஊற்றினாலோ தீர்ந்துவிடும். பிளேட் மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் கவரைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைகளுக்குக் காசே ஆகாது. அவற்றை முடிக்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

இங்கே சொல்வதெல்லாம் ஸ்ப்ளெண்டர், ஷைன், பல்சர், அப்பாச்சி மாதிரி 100 முதல் 200 சிசி வரையிலான, ஒயர் கிளட்ச் உள்ள வண்டிகளுக்கு. ஸ்கூட்டரின் கிளட்ச் வேறு ரகம். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டும் இதில் சேராது. அதன் கிளட்ச் இடது பக்கம், தனி ஆயிலோடு, பிரைமரி செயின் கவருக்குள் இருக்கும்.

உள்ளே நடப்பதை ஒரு முறை புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. இட்லிப் பானைக்குள் தட்டுகளை அடுக்குவது போல, ஒரு டிரம்முக்குள் இரண்டு வகைத் தட்டுகள் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். ஒன்று, உராய்வுப் பொருள் ஒட்டிய கிளட்ச் பிளேட். அதன் வெளி விளிம்பிலுள்ள பற்கள் டிரம்மின் வெட்டுகளில் உட்காரும்; டிரம் இன்ஜினோடு சுற்றும். இன்னொன்று, வெறும் ஸ்டீல் தட்டு. நம் ஊர் கடைகளில் இதைத்தான் பிரஷர் பிளேட் என்று கேட்டு வாங்குவார்கள். அது நடுவிலுள்ள ஹப்பைப் பிடித்திருக்கும். ஹப் கியர்பாக்ஸோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் இறுக்கி அமுக்கினால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும். லீவரைப் பிடித்தால் அமுக்கம் விலகி, தட்டுகள் தனித்தனியாகச் சுற்றும். இதெல்லாம் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஆக, கிளட்ச் கோளாறு என்பது இரண்டில் ஒன்று. பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கவில்லை, அல்லது விட வேண்டிய நேரத்தில் விடவில்லை. கனம், அதிர்வு, சத்தம் எல்லாம் இவற்றின் பக்கத்து வீட்டுப் பிரச்சினைகள்.

ரேஸ் ஏறுது, வண்டி போக மாட்டேங்குது

இதுதான் ஸ்லிப். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் இன்ஜின் சத்தம் மட்டும் எகிறும், வேகம் அதற்கேற்ப ஏறாது. சமதரையில் தெரியாத ஸ்லிப் மேட்டில் தெரிந்துவிடும். நாமக்கல் ஊருக்குள் ஒழுங்காக ஓடுகிற வண்டி, பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் கருகல் வாடையோடு முனகினால், அந்த ஸ்லிப் கீழேயே இருந்திருக்கிறது என்று பொருள்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஆளில்லாத நேர் சாலை போதும். டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறங்கள். இன்ஜின் வேகமும் வண்டியின் வேகமும் சேர்ந்து மெதுவாக ஏறினால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. சத்தம் மட்டும் சட்டென்று தாவினால் ஸ்லிப். இன்னொரு அடையாளமும் உண்டு. நியூட்ரலில் மட்டுமே கிக் அடிக்க முடிகிற வண்டிகளில், கிக்கின் விசை கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. கிக்கர் கம்ப்ரஷன் (இன்ஜினின் எதிர்ப்பு) தட்டாமல் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கினால், கிக் கியரை மட்டும் சந்தேகிக்காமல் கிளட்சையும் பாருங்கள்.

வேறு கோளாறுகளும் ஸ்லிப் மாதிரி வேஷம் போடும். பல் தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் செயின் தாவினால் 'டக் டக்' என்று சத்தம் வரும். கிளட்ச் சத்தமில்லாமல்தான் வழுக்கும். பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தாலும் வண்டி இழுக்காது, ஆனால் அப்போது ரேஸும் ஏறாது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஸ்லிப்தான் என்று உறுதியானால் முதலில் ஒயர். கிளட்ச் லீவரில் கொஞ்சம் சும்மா ஆட்டம் இருக்க வேண்டும், அதுதான் ஃப்ரீ பிளே. ஹீரோ, ஹோண்டாவின் 100, 125 சிசி வண்டிகளுக்கு லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் என்று கையேடு சொல்கிறது. சில கம்பெனிகள் லீவரின் அடியில், பிராக்கெட்டுக்கும் லீவருக்கும் நடுவில் 2, 3 மில்லிமீட்டர் என்று சொல்லும். ஆட்டமே இல்லையென்றால், நீங்கள் லீவரைத் தொடாமலே ஒயர் கிளட்சைப் பாதி பிடித்து வைத்திருக்கிறது. மேலே லீவர் பக்க அட்ஜஸ்டரை உள்ளே திருகி ஆட்டம் கொடுங்கள். போதாவிட்டால் அதை முழுக்க உள்ளே திருகி ஒன்றிரண்டு சுற்று வெளியே விட்டுவிட்டு, இன்ஜின் பக்கத்து நட்டில் பெரிய அளவைச் சரி செய்யுங்கள். பிறகு மேலே நுணுக்கமாக முடித்துக்கொள்ளலாம். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஆட்டம் மாறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாறினால் ஒயர் போகும் பாதை தப்பு. எங்கோ மடங்கியிருக்கிறது, அல்லது இழுபடுகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. ஒயர் நாளாக ஆக நீளும், அதனால் ஆட்டம் கூடும். பிளேட் தேயத் தேய அடுக்கு மெலியும், அதனால் ஆட்டம் குறையும். ஆகவே ஒயரை அடிக்கடி இறுக்க வேண்டியிருந்தால் ஒயர் முடிவுக்கு வருகிறது. அடிக்கடி தளர்த்த வேண்டியிருந்தால் பிளேட் முடிவுக்கு வருகிறது. கவரைத் திறக்காமலே உள்ளே எட்டிப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அடுத்தது ஆயில். சமீபத்தில் ஆயில் மாற்றிய பிறகுதான் ஸ்லிப் தொடங்கியதா? டப்பாவை எடுத்துப் பாருங்கள். கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். காருக்கு அது நல்லது, ஆயிலில் ஊறும் கிளட்சுக்கு ஆகாது. இந்தக் குழப்பத்துக்காகவே ஜப்பானில் 1998இல் ஜாசோ என்ற தர அளவு வந்தது. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்றிருந்தால் அது ஸ்கூட்டருக்கானது. "மைலேஜ் கூடும்" என்று விற்கும் சேர்க்கை மருந்துகளையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள். சரியான ஆயிலை மாற்றிக் கொஞ்ச நாள் ஓட்டினால் பல நேரம் பிடிமானம் திரும்பிவிடும்.

ஒயரில் ஆட்டம் இருக்கிறது, ஆயிலும் சரி, ஆனாலும் வழுக்குகிறதா? அப்போதுதான் பிளேட் அல்லது ஸ்பிரிங். வடித்த ஆயிலில் கருகல் வாடையும் கருப்புத் துகளும் இருந்தால் இனி சந்தேகமே வேண்டாம்.

நியூட்ரல் விழ மாட்டேங்குது, கிளட்சைப் பிடிச்சாலும் வண்டி நகருது

இது எதிர்ப்பக்கக் கோளாறு. சிக்னலில் நின்றுகொண்டு நியூட்ரல் தேடித் தேடிக் கால் வலிக்கும், முதல் கியர் போட்டால் 'டம்' என்று இடிக்கும், லீவரை முழுக்கப் பிடித்தும் வண்டி மெல்ல நகரப் பார்க்கும்.

காலையில் முதல் முறை கியர் போடும்போது ஒரு 'டக்' வருவதை இதில் சேர்க்காதீர்கள். ஆறிப்போன கெட்டி ஆயில் தட்டுகளை ஒட்டவைத்திருப்பதால் வருவது அது. இன்ஜின் சூடான பிறகும் தொடர்ந்தால்தான் கணக்கு.

சோதனை இப்படி. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜின் ஓடும்போது கிளட்சைப் பிடித்து முதல் கியர் போடுங்கள். பின் சக்கரம் மெல்லச் சுற்றினால் தப்பில்லை, ஆயிலின் இழுப்பு அது. இப்போது பின் பிரேக்கை மெதுவாக மிதியுங்கள். சக்கரம் நின்று, இன்ஜின் கலங்காமல் ஓடினால் கிளட்ச் விடுகிறது. இன்ஜின் திணறினாலோ அணைந்தாலோ விடவில்லை. சக்கரத்தைக் கையாலோ காலாலோ நிறுத்திப் பார்க்கும் வேலை வேண்டாம்.

இங்கும் முதல் சந்தேகம் ஒயர்தான், ஆனால் தலைகீழாக. ஆட்டம் அதிகமானால் லீவர் முழுக்க வந்தாலும் உள்ளே தட்டுகள் போதுமான அளவு விலகாது. இறுக்கிப் பாருங்கள். லீவர் பிவட் போல்ட் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தால் அதுவே பாதி இழுப்பைத் தின்றுவிடும். லீவரை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் தெரியும்.

வண்டி பல வாரம் நின்றிருந்தால் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது சகஜம். இன்ஜினை அணைத்துவிட்டு, கியரில் போட்டு, லீவரைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். பெரும்பாலும் பட்டென்று விட்டுவிடும். ஆனால் வண்டி வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் கதை வேறு. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு நடந்தது இதுதான். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. வடித்து, புது ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடியும் வடிக்க வேண்டும்.

ஒயரும் ஆயிலும் சரியாக இருந்தும் நியூட்ரல் விழவில்லையென்றால், உள்ளே இரண்டு இடங்கள். ஒன்று, வளைந்த ஸ்டீல் தட்டு. இன்னொன்று, டிரம்மின் வெட்டுகளுக்கு நடுவே நிற்கும் விரல்கள். பிளேட்டின் பற்கள் அந்த விரல்களை இடித்து இடித்துப் பள்ளம் போட்டிருக்கும். லீவரைப் பிடித்ததும் வழுக்கி விலக வேண்டிய பிளேட், அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். புது பிளேட் போட்டும் "பழைய மாதிரியேதான் இருக்கு" என்று புலம்புகிறவர்கள் வண்டியில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிளேட்டை மாற்றி டிரம்மைத் தடவிக்கூடப் பார்க்காமல் கவரை மூடுவது நம் ஊரில் சாதாரணம்.

லீவர் கல்லு மாதிரி இருக்கு

இன்ஜின் பக்கத்தில் ஒயரைக் கழற்றிவிட்டு லீவரை மட்டும் இழுத்துப் பாருங்கள். அப்போதும் கனமென்றால் ஒயர்தான் குற்றவாளி. லேசாக வந்தால், இன்ஜின் கவரில் ஒயர் மாட்டியிருக்கும் ஆர்ம் துருப்பிடித்துச் சுற்றாமல் இருக்கலாம். ஒயரைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல் முனையில் பிளாஸ்டிக் கவரைக் குப்பி மாதிரி கட்டி, மெல்லிய ஆயிலைச் சொட்டுச் சொட்டாக இறக்கலாம். ஆனால் முனையில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் யோசிக்காமல் புதியது வாங்குங்கள். பிரிந்த ஒயர் அறுவதற்கு நல்ல இடம் பார்ப்பதில்லை. தொலைதூரம் போகிறவர்கள் புது ஒயரைப் பழையதன் பக்கத்திலேயே ஓட்டி, டேப் சுற்றி வைப்பார்கள். அறுந்தால் இரண்டு முனைகளை மாட்டினால் போதும்.

ஸ்லிப்பை நிறுத்த ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைக்கும் பழக்கத்தாலும் லீவர் கனமாகும். பழைய வண்டி வாங்கியவர்கள் இதையும் மனதில் வையுங்கள். தேய்ந்த பிளேட்டுக்கு அது மருந்து அல்ல.

கிளட்ச் விடும்போது வண்டி குலுங்குது

முதலில் செயின் தளர்வையும் பின் சக்கர ஹப்பில் குலுக்கலைத் தாங்கும் கஷ் ரப்பரையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால், மேற்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிட்ட பிளேட் அல்லது வளைந்த ஸ்டீல் தட்டு. எமரி பேப்பரில் தேய்த்துப் போட்டால் கொஞ்ச நாள் ஓடும். கவரைத் திறக்கும் சிரமத்தை நினைத்தால், அந்தக் கொஞ்ச நாளுக்காக அதைச் செய்வது வீண்.

சத்தம்

லீவரைப் பிடித்தால் மட்டும் கிர்ரென்று வந்தால் ரிலீஸ் பேரிங். சின்ன உருப்படி, விலையும் குறைவு. நியூட்ரலில் கேட்டு, லீவரைப் பிடித்தால் நின்றுபோனால், டிரம் ஆட்டம் கண்டிருக்கலாம் அல்லது கியர்பாக்ஸ் பேரிங். இரண்டாவதென்றால் வீட்டு வேலை அல்ல, விட்டுவிடுங்கள்.

சரி, திறந்தே ஆக வேண்டும் என்றால்

பிளேட், ஸ்டீல் தட்டு, ஸ்பிரிங் மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். கூடவே கவர் பேக்கிங் (ஆயில் கசியாமல் கவருக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட்). மாடல் பெயர் மட்டும் போதாது, வருடத்தையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் வந்த வண்டிக்குள்ளேயே பாகங்கள் மாறியிருக்கும். கம்பெனி கவுண்டரில் வாங்குவது நல்லது.

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் வண்டியில் அமுக்கும் தட்டு, அதாவது ஸ்பிரிங்கின் விசையை அடுக்கின் மேல் செலுத்தும் தட்டு, எந்தப் பக்கம் என்பது. ஆர்எக்ஸ் 100 போன்ற யமஹாக்களில் அது வெளிப்பக்கம். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் கழற்றினாலே தட்டுகள் ஒவ்வொன்றாகக் கையில் வந்துவிடும். ஸ்ப்ளெண்டர் வகை ஹோண்டா வடிவமைப்பில் அது உள்பக்கம். ஸ்பிரிங்கைக் கழற்றினாலும் தட்டு வராது. நடுவிலுள்ள, நான்கு வெட்டுகள் கொண்ட வட்ட நட்டைக் கழற்ற வேண்டும். அதற்கென்று தனி சாக்கெட் உண்டு. உளி வைத்துச் சுத்தியலால் தட்டிக் கழற்றும் வித்தையைப் பார்த்திருப்பீர்கள். நட்டின் ஓரத்தைப் பார்த்தாலே எத்தனை பேர் தட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். சாக்கெட் கையில் இல்லாமல் இந்த வகை வண்டியைத் திறக்காதீர்கள்.

ஆயிலை வடித்துவிட்டு, கிக்கர், வலது ஃபுட்ரெஸ்ட், தேவைப்பட்டால் சைலன்சர் ஆகியவற்றைக் கழற்றுங்கள். கவர் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். பழைய ஸ்டார் ஸ்க்ரூக்கள் அசையாவிட்டால், சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும். சாதா ஸ்க்ரூடிரைவர் தலையைத்தான் மழுக்கும். கவரை நெம்பாதீர்கள், ரப்பர் சுத்தியலால் ஓரத்தில் தட்டினால் விடும். விடும்போது கிக் ஷாஃப்ட் வாஷரும், கவரைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும் டவல் பின்னும் எங்கே போகின்றன என்று கண் வையுங்கள்.

ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒன்றை மட்டும் முழுக்கக் கழற்றினால், போல்ட் இறங்கும் அலுமினியக் காது உடையும். நடு நட்டைக் கழற்ற, டாப் கியரில் போட்டு யாரையாவது பின் சக்கரத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் ஹப் சுற்றாது. கியர்ப் பற்களுக்கிடையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகும் யோசனையை மறந்துவிடுங்கள். தட்டுகள் வெளியே வரும் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுங்கள். சில வண்டிகளில் ஒரு பிளேட் மட்டும் வேறு அளவில் இருக்கும். சிலவற்றில் கடைசி பிளேட்டின் பற்கள் வேறு வெட்டில் உட்காரும். மறந்தால் அவ்வளவுதான்.

இப்போது அளவு. 100, 125 சிசி வண்டிகளில் புது பிளேட் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமன், 2.6க்குக் கீழே போனால் பொதுவாக மாற்ற வேண்டியதுதான். உங்கள் வண்டியின் சரியான எல்லையைக் கையேட்டில் பாருங்கள். ஸ்டீல் தட்டைக் கண்ணாடி மேல் வைத்து, 0.2 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அடியில் நுழைந்தால் வளைந்துவிட்டது. நீலம் பாய்ந்திருந்தாலும் வேண்டாம். பிறகு டிரம்மின் விரல்களை நகத்தால் தடவுங்கள். லேசான தடம் என்றால் அரத்தால் சமமாக எடுக்கலாம். நகம் விழுந்து நிற்கும் ஆழமென்றால் டிரம்மையே மாற்ற வேண்டும். அரத்தால் நிறைய எடுத்தால் பிளேட் ஆடத் தொடங்கும்.

திறந்தது திறந்தீர்கள், ஸ்ப்ளெண்டர் வகை வண்டியில் கிராங்க் முனையில் இருக்கும் சுழல் ஆயில் ஃபில்டரையும் கீழே உள்ள வலையையும் சுத்தம் செய்துவிடுங்கள். அதில் அப்பியிருக்கும் கருஞ்சேற்றைப் பார்த்தால் ஆயிலை நாள் தள்ளி மாற்றும் பழக்கம் போய்விடும்.

புது பிளேட்டுகளைக் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் முந்தின இரவே, இன்ஜின் ஆயிலில் ஊறப் போடுங்கள். காய்ந்த பிளேட் முதல் ஓட்டத்திலேயே கருகலாம். நடு நட்டுக்கு அடியிலுள்ள வாஷரில் 'அவுட்சைடு' என்று பொறித்திருந்தால் அந்த முகம் வெளியே பார்க்க வேண்டும். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில், 6 மில்லிமீட்டர் போல்ட்டென்றால் 10 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்குங்கள். அது அவ்வளவு பெரிய இறுக்கம் அல்ல. பலம் காட்டினால் காது போய்விடும். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழக் கூடாது. புது பேக்கிங்குக்கு மேல் பசையை அப்ப வேண்டாம், பிதுங்கி ஆயில் துளைக்குள் போகும். கவரை மூடுவதற்கு முன் ஆர்மைக் கையால் அசைத்து, ரிலீஸ் ராடோடு சரியாகச் சேர்கிறதா என்று பாருங்கள்.

மாற்றியாச்சு, ஆனாலும்…

புது பிளேட் தடிமனாக இருப்பதால் பழைய ஒயர் அளவு பொருந்தாது. ஃப்ரீ பிளேயை முதலிலிருந்து வையுங்கள். உடனே ஸ்லிப் ஆனால் ஆட்டம் இல்லை, அல்லது ஆயில் தப்பு. நியூட்ரல் விழவில்லையென்றால் ஆட்டம் அதிகம், அல்லது தட்டுகளின் வரிசை மாறிவிட்டது. முதல் சில நூறு கிலோமீட்டர் லீவரைப் பாதி பிடித்தபடி (ஹாஃப் கிளட்ச்) தேய்க்காமல் ஓட்டுங்கள்.

வடித்த ஆயிலுக்குப் பதில் சரியான ஆயிலை ஊற்றிய பிறகு, முதல் ஓட்டம் தெருமுனை வரை போதும். திரும்பி வந்து வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆயில் இறங்க ஓரிரு நிமிடம் விட்டு அளவைப் பாருங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் அளவுக் குச்சியைத் துடைத்து, திருகாமல் சும்மா செருகி எடுக்க வேண்டும். கவரின் அடி ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். ஈரம் இருந்தால் ஸ்க்ரூக்களை இன்னொரு முறை குறுக்கு வரிசையில் சரிபார்த்துவிட்டு, மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் போட்ட பேப்பரைப் பாருங்கள்.